கிளீனர் பக்கச் சக்கரம்

முதலில் நாங்கள் அதைத் துரியன் பழத்தின் வாடை என்றுதான் நினைத்தோம்.

ஆகஸ்ட் மாதத்து மாலை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பர்லியார் நெருங்கினால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் துரியனும் குவிந்து கிடக்கும் பருவம் அது. பின் இருக்கையில் இருந்த சித்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதையும் மனிதன் தின்கிறானே!" என்றார். அவருக்குச் சென்னை போகும் இரவு ரயில். நேரம் நிறைய இருந்ததால் நானும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கி, தலையை வெளியே நீட்டி, இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"ஓரம் கட்டு கண்ணு. இது பழம் இல்லை."

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். ஊட்டி உருளைக்கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதுதான் பிழைப்பு. ஏறும்போது வெற்று வண்டி, இறங்கும்போது முழுப் பாரம். இந்தத் தொழிலில் பிரேக்கைப் பற்றித் தெரியாதவர் ஓய்வு பெறும் வயதுவரை இருக்கமாட்டார் என்பார். அன்று அவர் வண்டியைவிட்டு இறங்கி முதலில் செய்த வேலை, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தது. அதன்பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து, தொடாமல், புறங்கையை மட்டும் காட்டிப் பார்த்தார். வலது முன்சக்கரத்தில் சாதாரணச் சூடு. இடது முன்சக்கரத்தின் அருகில் கை போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

"கிளீனர் பக்கம் பிடித்துக்கொண்டே வருகிறது."

லாரிக்காரர்களுக்கு வண்டியில் இடதும் வலதும் கிடையாது. டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம், அவ்வளவுதான். அப்பாவே கிளீனராகத் தொடங்கியவர். ஏற்றத்தில் லாரி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அந்தக் காலத்தில் அவர் வேலை. எங்கள் காரில் கிளீனர் யாரும் இல்லையென்றாலும் அந்தப் பக்கத்துக்குப் பெயர் அதுதான். இந்தச் சொல்லை நான் அப்போதே மதித்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கிப் போனேன். அப்பா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு பிரேக் தட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். தானாக ஆறவேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, கால் பிரேக்கை மிதிக்காமல் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் சித்தி, தான் ஏசிய பழத்துக்குப் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கிவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு மாதமாகவே ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாலையின் சாய்மானம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி கழுவும்போது இடது முன்சக்கரத்தின் ரிம் மட்டும் கறுப்புப் பொடி படிந்து கிடந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் பாதையின் சேறு என்று தேய்த்துவிட்டேன். ஆனால் சேறு ஒரே சக்கரத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டாது. பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். பத்து ரூபாய் உதைத்தால் மூன்று பேரேட்டைப் புரட்டுவேன். மூன்று சாட்சிகள் கண்முன் நின்றபோது ஒன்றையும் கேட்கவில்லை.

மலையில் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு டன் எடையுள்ள கார் அந்த 1,500 மீட்டரை இறங்கினால் அது இழக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி ஜூல். 20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை, நாற்பது லிட்டருக்கு மேல், கொதிக்கவைக்கப் போதுமான சூடு. ஒரு கல்யாண அண்டா வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டாப் கியரில் போட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அண்டா முழுவதும் பிரேக் தட்டுகளின் தலையில்தான், அதிலும் பெரும்பகுதி முன்சக்கரங்களின் தலையில். என் வண்டியில் ஒரு சக்கரம் நான் மிதிக்காதபோதும் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இதே சரிவில்தான் மலை ரயிலும் இறங்குகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளம். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருந்து பெட்டிகளைத் தாங்கும். பெட்டிதோறும் பிரேக்கைப் பிடிக்க ஓர் ஆள் இருப்பார். 1899 முதல் அப்படித்தான். இறங்குவதற்கு இத்தனை ஆட்களும் ஏற்பாடுகளும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சித்தியை ஏற்றிவிட மேட்டுப்பாளையம் நிலையத்தில் நின்றபோது பக்கத்தில் நின்றிருந்த நீலப் பெட்டிகளைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் பார்த்தேன்.

இரவு உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் செய்த ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். பலரும் இதைச் செய்யாமலே, பேடு என்ற உராய்வுப் பட்டைகளால் பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். இறுகிக் கிடந்தது. உதவியாளைப் பிரேக்கை ஒருமுறை மிதித்துவிடச் சொல்லி, காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்ன மூக்கான நிப்பிளை லேசாகத் திறந்தார். இரண்டு சொட்டு ஆயில் வந்தது. மறுபடியும் சுற்றினார். அப்போதும் இறுக்கம் அப்படியே இருந்தது.

"திறந்ததும் சக்கரம் விட்டிருந்தால் ஹோஸில் கோளாறு. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கிப்போனால் ஆயில் போகும், திரும்பி வராது. இங்கே அழுத்தமே இல்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர்தான் ஜாம். கிளீனர் பக்கக் காலிப்பர் ஒன்று வாங்கிவிடுங்கள் சார்."

கழற்றிக் காட்டினார். பேடுகளைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதன் வழியே எத்தனை மழைக்காலத்துத் தண்ணீர் போனதோ, பிஸ்டன் மேல் அம்மைத் தழும்புபோலத் துரு.

டிஸ்க் பிரேக்கில் என்னை அசத்தும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக்கில் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. அப்படியானால் காலை எடுத்ததும் பிரேக் எப்படி விடுகிறது? பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, சதுர வெட்டுடையது. ஆயில் வெளியே கசியாமல் காப்பது அதன் ஒரு வேலை. பிஸ்டன் முன்னால் நகரும்போது வளையம் அதைப் பற்றியபடியே சற்று முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் நின்றதும் ரப்பர் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது, திரும்பும்போது பிஸ்டனையும் தலைமுடிப் பருமன் அளவுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுகிறது. ஓடும் வண்டியை நிறுத்த இத்தனை இரும்பு. விட்டுவிட ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனில் துரு ஏறினால் பாவம், அந்த வளையத்துக்கு இழுக்கும் வலு போதாது.

வளையமும் பூட்டும் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் அதை மாற்றினாலே போதும். தழும்பு விழுந்த பிஸ்டனில் புது ரப்பரைப் போடுவது, நெளிந்த பானைக்கு நல்ல மூடி வாங்குவதுபோல. முழுக் காலிப்பராக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ளி, பின்களைத் துடைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, "மேலே ஏறலாம். மாற்றாமல் இறங்காதீர்கள்" என்றார். ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் இன்று கேட்டால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்திருக்க வேண்டும் என்றே சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூரிலிருக்கும் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன். வண்டியின் மாடல், ஆண்டு எல்லாம் சொன்னேன். "எந்தப் பக்கம் சார்?" என்றார் கடைக்காரர். மெக்கானிக்கின் "கிளீனர் பக்கம்" நாக்கு நுனிவரை வந்தது. காருக்கு ஏது கிளீனர், படித்தவன் சொல்கிறமாதிரி சொல்வோம் என்று, எதிரில் நின்ற வண்டியைப் பார்த்து, பழுதான சக்கரம் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று கவனித்து, "வலது" என்றேன். இரண்டு நாளில் பார்சல் வந்தது. அட்டைப்பெட்டியின் மேல் ஆர்.எச்., அதாவது வலது, என்று அச்சிட்டிருந்தது. கேட்டதும் வந்ததும் ஒத்துப்போனதில் எனக்கு மகிழ்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். குன்னூரில் ஜாக்கி வைக்கத் தகுந்த சமதரை அபூர்வம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு தேங்காயை வைத்தால் அது பஸ் நிலையத்தில் போய்த்தான் நிற்கும். பச்சை இலை எடை போடும் முற்றம் சிமெண்ட் போட்டுச் சமமாக இருக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அங்கே நிறுத்தினேன். அப்பா ஒரு மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் தேநீர், பழைய லாரிக் கட்டைகள் மூன்று ஆகியவற்றோடு வந்தார். கட்டைகளில் இரண்டு பின்சக்கரங்களுக்கு. மூன்றாவதைப் பிரேக் பெடலுக்கு அடியில் வைத்தார்.

"குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பெடல் தரைவரை போகும். தினமும் அவ்வளவு தூரம் போவதில்லை. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் துரு இருக்கும், ரப்பர் போய் உரசினால் கிழியும். கட்டை இருந்தால் அதற்கு மேல் போகாது."

சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையைக் கொடுக்கக் கூடாது என்பதை எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன், எழுதிவிட்டேன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காலிப்பர் வாகாக வெளியே வரும். பின் போல்ட்டுகள் இரண்டும் மரியாதையாகக் கழன்றன. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பிடித்திருந்த பெரிய போல்ட்டுகள் அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி நான் தொங்கிக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியிலிருந்தே, "எந்தப் பக்கம் திருப்புகிறாய்?" என்று கேட்டார். இறுக்கிக்கொண்டிருந்தேன். உள்பக்கமிருந்து பார்க்கும்போது திசை மாறும் என்பது அன்று நான் கற்ற முதல் பாடம். இரண்டாவது பாடமும் அதேதான் என்று அப்போது தெரியாது.

பிராக்கெட்டைக் கழற்றித் துடைத்து, கைடு பின்களுக்குப் பிரேக் கிரீஸ் தடவினேன். இது சிலிக்கோன் வகை. சாதாரண கிரீஸோ பெட்ரோலோ டீசலோ பட்டால் இந்த ரப்பர்கள் ஊறி வீங்கிவிடும். ஆயிலைத் துடைக்கப் பெட்ரோலைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பிரேக் ரப்பர் இருக்கும் இடத்தில் அதைச் செய்யவிடாதீர்கள். புது காலிப்பரில் ஹோஸை மாட்ட நடுவில் துளையுள்ள ஒரு போல்ட், அதன் இரு புறமும் இரண்டு காப்பர் வாஷர். பழைய வாஷர் நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது, அதை மறுபடியும் போட்டால் ஆயில் கசியும். புதியது பத்து இருபது ரூபாய்.

எல்லாம் பொருந்தியது. அதுதான் கொடுமை. போல்ட் துளைகள், பேடு, பிராக்கெட், எல்லாம் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன. ஹோஸ் மட்டும் சற்று முறுக்கிக்கொண்டு நின்றது. புது மாப்பிள்ளைக்குச் சட்டைக் காலர் உறுத்துவதுபோல, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஏர் எடுக்கத் தொடங்கினோம். ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் கால் மிதிப்பதை அந்தக் குமிழி தின்றுவிடும். அப்பா டிரைவர் இருக்கையில் ஏறினார். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன்.

"மிதியுங்கள்."

"மிதித்தேன்."

"பிடித்துக்கொள்ளுங்கள்." திறப்பேன். சர்ரென்று ஆயில் வரும். மூடுவேன். "விடுங்கள்."

"விட்டேன்."

வரிசை மாறக் கூடாது. மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேற்றிய காற்றை வண்டி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஆயில் டப்பா வற்றவும் கூடாது. பத்து முறைக்குள் குமிழி நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன், நின்றும்விட்டது. குழாயில் தெளிந்த ஆயில். ஆனால் பெடல் பஞ்சு மெத்தை. அப்பா மூன்று முறை அடித்து மிதித்தால் மேலே எழும்பும், கொஞ்சம் பொறுத்து மிதித்தால் மறுபடியும் கட்டையில் போய் இடிக்கும். இருபது முறை. நாற்பது முறை. அரை லிட்டர் ஆயில் தீர்ந்தது. மிதி, பிடி, விடு என்ற மூன்று சொற்களைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. அவை மூன்றும் போகப் போகக் கடுமையாகிக்கொண்டே போயின. எழுபத்து நான்கு வயதுக்காரரை ஒரு மணி நேரம் பெடல் மிதிக்கவைத்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தபோது அவர் தானாகவே இறங்கி, தேநீரை ஊற்றிக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடந்தார். டிரைவர் பக்கத்தில் குனிந்து, சக்கரத்தின் இடுக்கு வழியே எதையோ நீண்டநேரம் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"அந்தப் பக்கக் காலிப்பருக்கு மூக்கு மேலே இருக்கிறது. இதற்கு ஏன் கீழே இருக்கிறது?"

நிப்பிளைத்தான் மூக்கு என்றார். காற்று மேலேதான் போகும், அதனால் நிப்பிள் மேலே இருக்கவேண்டும். குளத்துக்கு மதகு கீழே வைக்கலாம், புகைக்கூண்டை அடியில் வைக்க முடியுமா? நாங்கள் அடியில் திறந்து ஆயிலை மட்டும் வெளியேற்றிக்கொண்டிருந்தோம். காற்று காலிப்பரின் உச்சியில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. நான் மாட்டியிருந்தது டிரைவர் பக்கக் காலிப்பர்.

அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். இது என் வலது கை. இது என் வலது கைப்பக்கச் சக்கரம். வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் அது இடது. தவறு கடைக்காரருடையது அல்ல. பதினெட்டு ஆண்டுகளாக இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று மாறாமல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"மெக்கானிக் உன்னிடம் என்ன சொன்னார்?" என்றார் அப்பா.

"கிளீனர் பக்கம் என்றார்."

"நீ என்ன சொன்னாய்?"

பதில் சொல்லாமல் ஆயில் பாட்டிலை மூடினேன். கிளீனர் முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒரே பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் தவறான பக்கத்தில் தேடமாட்டார்கள்.

இந்தத் தவறுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. காலிப்பரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, பேடுகளுக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வருமாறு தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏர் எடுத்துவிட்டு மறுபடியும் மாட்டலாம். பெடல் இறுகிவிடும். வண்டியும் நிற்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஏனென்றால் மணி இரண்டு. அப்பாவிடம் சொன்னேன். அவர் முறுக்கிக்கொண்டிருந்த ஹோஸை விரலால் தட்டினார். ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்தோடு திரும்பும் ஹோஸ் அது. "இது எத்தனை கொண்டை ஊசி தாங்கும்?" என்று மட்டும் கேட்டார். மேட்டுப்பாளையம் பாதையில் மட்டும் பதினான்கு.

கடைசியில் அந்தப் பெட்டிக்கு அதன் இடம் கிடைத்தது. ஆயில் பட்ட காலிப்பரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார், கேட்பதும் நியாயமில்லை. பேடுகளை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். காலிப்பரையும் ஜோடியாக மாற்றுவது நல்லது என்பார்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிடி ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் போகும். அதைச் செலவு கூட்டும் பேச்சு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டிரைவர் பக்கக் காலிப்பர் கையில் இருக்கிறது. அதற்கு ஜோடியாகக் கிளீனர் பக்கத்துக்கு ஒன்று வாங்கினால் இரண்டும் புதிது. மறுநாள் கடைக்குப் போன் செய்து, "கிளீனர் பக்கம்" என்றேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிந்தது. அந்த வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆயிலை முழுவதும் மாற்றினோம் என்பதை மட்டும் சொல்லவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்கவேண்டும் என்பது விதி, ஈரம் ஏறியபின் 140 போதும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி இருந்தால் பெடல் தரைக்குப் போகும், அதுவும் சரியாகக் கீழ்வளைவுகளில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆண்டில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் நிற்கும் குன்னூர் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடுவது வீண் துணிச்சல். என் வண்டியில் வந்த பழைய ஆயில் காப்பி டிகாஷன் நிறம். அதை ஓடையில் ஊற்றாமல் பட்டறைப் பீப்பாயில் சேர்த்தேன். வண்டியின் பெயிண்டில் இரண்டு சொட்டு சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவாததால் இப்போது அங்கே ஒரு வெள்ளைத் தேமல் இருக்கிறது.

வெலிங்டன் பக்கம் விடியற்காலையில் ஆளில்லாத சாலையில், மெதுவாக வேகமெடுத்து மெதுவாக நிறுத்தி, புதுப் பேடுகளைத் தட்டோடு பழக்கினேன். வண்டியை முதன்முதலாக நகர்த்தும் முன் பெடலை ஐந்தாறு முறை மிதித்துப் பிஸ்டன்களை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி வெறும் மிதி.

அதன்பிறகு மேட்டுப்பாளையம் வரை இறங்கிப் பார்த்தோம், நானும் அப்பாவும் மட்டும். இரண்டாவது கியர். அப்பா கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தபடி வந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு கார் எஞ்சின் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டு போனது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார். எஞ்சின் நின்றால், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் (வாக்யூம்) கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குமேல் பெடல் கல்லாகிவிடும். இத்தனைக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் செலவாகும். இதை அப்பாவிடம் சொன்னேன். "நாங்களும் விட்டிருக்கிறோம்" என்றார். "எங்கே?" "கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்பு வந்தபிறகு. மேலே எவன் விடுவான்?" முப்பது ஆண்டு ரகசியம் அப்படி வெளியே வந்தது.

பர்லியாரில் அதே இடத்தில் நிறுத்தினேன். வாடை இருந்தது, இந்த முறை துரியன்தான். அப்பா இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு, புறங்கையோடு புறப்பட்டார். டிரைவர் பக்கம் பார்த்தார். கிளீனர் பக்கம் பார்த்தார். மறுபடியும் டிரைவர் பக்கம்.

"ஒரே சூடு."

நான் மங்குஸ்தான் விலை கேட்கப் போனேன். அவர் வண்டியின் பின்பக்கம் போய்விட்டார். குனிந்த நிலையிலேயே அவர் குரல் வந்தது.

"பின்னால் டிரம்மைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று கண்ணு?"

அரைக் கிலோ போதும் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.